ஹூஸ்டன் ரோடியோ சந்தையில் ஒரு முழு நாள்: பூட்ஸ், தொப்பி, கண்ட்ரி இசை

முதல் வருடம் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே நுழைந்த இருபதாவது நிமிடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவிட்டேன். தள்ளுபடி என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு மணி நேரம் அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தேன். மாலையில் வேறொரு கடையில் அதைவிட நல்ல பூட்ஸ் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முன்பாதம் நசுங்கியது. இந்த வழிகாட்டியின் பாதி, அந்த ஒரு பெட்டி கற்றுக்கொடுத்தது.

ரோடியோ என்பது காளை மேலும் குதிரை மேலும் கௌபாய்கள் திறமை காட்டும் போட்டி. ஹூஸ்டன் ரோடியோ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடக்கும் ஹூஸ்டன் லைவ்ஸ்டாக் ஷோ அண்ட் ரோடியோவை. 1932இல் ஒரு கால்நடைக் கண்காட்சியாகத் தொடங்கியது. இன்று மார்ச் மாதத்தை ஒட்டி ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கிறது. மொத்தமாக 25 லட்சத்தைச் சுற்றிய மக்கள் வந்துபோகிறார்கள். மாட்டுச்சந்தை, குதிரை வித்தை, ராட்டினம், கடைத்தெரு, கச்சேரி எல்லாம் ஒரே வளாகத்தில். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் சாமி, வளையல் கடை, பாட்டுக்கச்சேரி மூன்றும் ஒரே தெருவில் இருக்குமே, அந்தக் கணக்கு. இங்கே சாமியின் இடத்தில் காளை.

கிளம்புவதற்கு முன்

டிக்கெட்டில் இரண்டு வகை உண்டு. வளாகத்துக்குள் நுழைய மட்டும் ஒன்று. ரோடியோவும் இரவுக் கச்சேரியும் பார்க்க இன்னொன்று. இரண்டாவதை வாங்கினால் முதலாவது அதிலேயே அடக்கம். கடைகளும் வெளிமேடை இசையும் போதும் என்றால் வளாக டிக்கெட்டே போதுமானது, செலவும் மிகக் குறைவு. முதல் தடவை போகிறவர்கள் ஒரு முறையாவது ரோடியோ அரங்கத்துக்குள் போய்ப் பாருங்கள் என்பேன். மேல்தட்டு இருக்கை பரவாயில்லை, பெரிய திரைகள் இருக்கின்றன.

யார் பாடுகிறார்கள் என்ற பட்டியல் ஜனவரியில் வந்துவிடும். அமெரிக்கக் கிராமியப் பாட்டில் வேரூன்றிய கண்ட்ரி இசை எல்லா இரவும் இருக்காது என்பதைக் கவனியுங்கள். பாப், ராப், ராக், தெஹானோ (டெக்சாஸ் மெக்சிகர்களின் இசை) என்று கலந்துதான் வைப்பார்கள். கண்ட்ரி கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் பாடகரைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். கடைகளில் நிதானமாக நிற்க வேண்டுமானால் வார நாள். சனிக்கிழமை மதியம் போனால் தொப்பிக் கடையில் வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

போக்குவரத்தில் யோசிக்க ஒன்றுமில்லை: ரயில். டவுன்டவுனிலிருந்து தெற்கே வரும் மெட்ரோரயில் சிவப்புப் பாதையில் ஸ்டேடியம் பார்க்/ஆஸ்ட்ரோடோம் நிறுத்தத்தில் இறங்கினால் வளாகம் எதிரிலேயே. காரில் போனால் நிறுத்துமிடத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பெல்ட் வாங்கலாம்.

உடை விஷயம். மார்ச் மாத ஹூஸ்டனை நம்பவே முடியாது. காலையில் ஸ்வெட்டர், மதியம் வியர்வை, நடுவில் ஒரு மழை. கடைகள் இருக்கும் கூடத்தில் ஏசி வேறு குளிரும். கௌபாய் வேஷம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றில்லை. ஜீன்ஸ், நன்றாகப் பழகிய ஷூ போதும். பூட்ஸ் அணிந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் கணுக்காலுக்கு மேல் வரும் காலுறை போட்டுப் போங்கள். இதை மறந்தால் கடைக்காரர் கொடுக்கும், யார் யாரோ போட்ட காலுறைதான்.

கிளம்புமுன் வீட்டில் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தலை: காதுக்கு ஒரு விரல் மேலே, நெற்றியைச் சுற்றி டேப்பை ஓட்டி சென்டிமீட்டரில் குறியுங்கள். இன்னொன்று, இப்போது போடும் பெல்ட்டில் பக்கிள் முனையிலிருந்து நீங்கள் மாட்டும் ஓட்டை வரை உள்ள நீளம், அங்குலத்தில்.

முதல் சுற்று: கையை வீசிக்கொண்டு

இதுதான் முக்கியமான படி, எல்லோரும் தவறவிடுவதும் இதைத்தான். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைத் தவிர.

கடைகள் பெரும்பாலும் என்.ஆர்.ஜி. சென்டர் என்கிற கூடத்துக்குள் இருக்கின்றன. (பழைய ஆட்கள் இந்த வளாகத்தையே ரிலையன்ட் என்பார்கள், குழம்ப வேண்டாம்.) பூட்ஸ், தொப்பி, வெள்ளி நகை, சேணம், மாட்டுத்தோல் விரிப்பு, கொம்பு வைத்த நாற்காலி, குதிரைக்கு ஷாம்பூ, ஊறுகாய் மிளகாய், மசாஜ் இயந்திரம், நூறு தடவை துடைத்தாலும் தேயாத துணி என்று சத்தியம் செய்கிறவர், எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில். மேற்கத்திய சரக்கையும் சாதாரணப் பொருட்காட்சிச் சரக்கையும் கண் பிரித்துப் பார்க்கவே ஒரு சுற்று வேண்டும்.

ஒவ்வொரு வரிசையாக நடங்கள். பிடித்த கடையின் பலகையை, கடை எண் தெரியும்படி போனில் படம் எடுங்கள். விலையைக் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள், நகருங்கள். விலைச்சீட்டில் இருப்பதோடு 8.25% விற்பனை வரி சேரும் என்பதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சந்தைப் பேரம் இங்கே எடுபடாது. ஆனால் "இரண்டு எடுத்தால் எவ்வளவு?" என்று கேட்பதில் தப்பில்லை, சிலர் குறைப்பார்கள். கடைசி வார இறுதியில் மூட்டை கட்டும் மனநிலையில் இருப்பவர்கள் இன்னும் தாராளம். ஆனால் அப்போது உங்கள் அளவு தீர்ந்திருக்கும்.

சுற்றின் நடுவில் கால் வலித்தால் அதே கூடத்தில் இருக்கும் கால்நடைப் பகுதிக்குப் போங்கள். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த கன்றுகளைச் சீவி, ஊதி உலர்த்தி, போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். வெல்லும் காளை ஏலத்தில் போகும். முதல் பரிசுக் காளை பத்து லட்சம் டாலரைத் தொட்ட வருடமும் உண்டு. மாட்டுக்காக யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித்தொகை நிதிக்குமாகக் கொடுக்கிறார்கள். பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசியவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் உடனே புரிந்துவிடும்.

பூட்ஸ்

பூட்ஸின் வடிவத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் குதிரைமேல் ஒரு காரணம் உண்டு. கூர்முனை, அங்கவடிக்குள் கால் சட்டென்று நுழைய. உயர்ந்து சாய்ந்த ஹீல், கால் அதில் வழுக்கி உள்ளே போய்விடாமல் தடுக்க. வழவழப்பான தோல் அடிப்பாகமும் கயிறு இல்லாத அமைப்பும், விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போகாமல் பூட்ஸிலிருந்து உருவிக்கொள்ள. முழங்காலை நோக்கிப் போகும் தோல்குழாய், முட்புதர் கிழிக்காமல் இருக்க. நீங்கள் குதிரை ஏறப்போவதில்லை என்றால் ஹீல் தாழ்ந்த, முனை சதுரமான வகையைக் கேளுங்கள். ரோப்பர் என்றோ ஸ்கொயர் டோ என்றோ சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அளவு பார்க்கும் முறை ஷூ மாதிரி இல்லை. பூட்ஸை இறுக்கிப் பிடிப்பது புறங்காலின் மேடு மட்டும்தான். மேலே இருக்கும் இரண்டு காதுகளைப் பிடித்து இழுக்கும்போது கால் ஒரு சின்ன 'டப்' சத்தத்தோடு உள்ளே இறங்க வேண்டும். எழுந்து நில்லுங்கள். புறங்கால் இதமாகப் பிடித்திருக்க வேண்டும், விரல்கள் அசைய வேண்டும். நடக்கும்போது குதிகால் கொஞ்சம் மேலெழும். கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை அப்படித் தூக்கினால் கவலை வேண்டாம். அடிப்பாகம் வளையப் பழகியதும் குறையும். குதிகால் அசையவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். முன்பாதம் பக்கவாட்டில் நசுங்கினால் "பழகினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். என்னை அப்படித்தான் அனுப்பி வைத்தார்கள். தோல் கொஞ்சம் இளகும், ஆனால் எலும்புக்கு இடம்விடும் அளவுக்கு இளகாது.

செருப்பிலேயே வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் விரிந்திருக்கும். ஆண்கள் பூட்ஸில் டி என்பது சாதாரண அகலம், டபுள் இ அகலமானது. பெண்களுக்கு பி சாதாரணம், சி அகலம். நான் டபுள் இ என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஜோடி பூட்ஸின் விலை ஆனது. கால் அளக்கும் உலோகத் தட்டைக் கேட்டு இரண்டு காலையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். பிற்பகலில் அளப்பது நல்லது, நடந்து நடந்து கால் அதற்குள் வீங்கியிருக்கும்.

தரத்துக்கு ஒரு சின்னச் சோதனை: பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். மேல்தோலும் அடித்தோலும் சேரும் ஓரப்பட்டையில் தையல் ஓடுகிறதா, அல்லது ஒட்டியிருக்கிறார்களா? தைத்ததைப் பின்னாளில் அடிப்பாகம் மாற்றிக்கொள்ளலாம். நடுப்பகுதியில் சின்ன மர ஆணிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பழைய முறை. ஈரத்தில் மரமும் தோலும் சேர்ந்தே ஊதி, சேர்ந்தே சுருங்கும் என்பதால் பிடி விடாது. ஜஸ்டின் (1879), லூக்கேஸ் (1883), டோனி லாமா (1911) எல்லாம் டெக்சாஸில் பிறந்த பெயர்கள். ஆனால் ஒரே பெயரில் மலிவு வரிசையும் உயர்ந்த வரிசையும் இருக்கும். பெயரைவிட அடிப்பாகத்தைப் பாருங்கள்.

தோலில் மாட்டுத்தோல் முதல் ஜோடிக்குப் போதும். புள்ளி புள்ளியாக மேடு தெரிவது நெருப்புக்கோழி, தொட்டால் மெத்தென்று இருக்கும், விலையும் ஏறும். மலைப்பாம்பு, முதலை வகைகளை இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் பல இனங்கள் வருவதால் எல்லை தாண்டக் காகிதங்கள் கேட்பார்கள்.

தொப்பி

தொப்பிக் கடையில் நிற்பதுதான் இந்தச் சந்தையிலேயே எனக்குப் பிடித்த வேலை. வாங்காவிட்டாலும் நின்று பாருங்கள். விளிம்பு தட்டையாக, மேல்பாகம் உருண்டையாக வரும் ஒரு ஃபெல்ட் (உரோமத்தை அழுத்திச் செய்த கெட்டித் துணி) தொப்பியை நீராவியில் காட்டி, இளகியதும் விரலால் குழித்து, விளிம்பை உள்ளங்கையால் சுருட்டி, ஐந்து நிமிடத்தில் உங்கள் முகத்துக்கு ஏற்றதாக ஆக்கிவிடுவார்கள். மண்பாண்டம் வனைவதைப் பார்க்கிற மாதிரி.

டெக்சாஸில் ஃபெல்ட் தொப்பி குளிர்காலத்துக்கு, வைக்கோல் போன்ற நாரில் பின்னிய ஸ்ட்ரா தொப்பி கோடைக்கு. ஈஸ்டரிலிருந்து செப்டம்பர் தொடக்கத்து லேபர் டே வரை ஸ்ட்ரா என்பது பேச்சு வழக்கு. ரோடியோ நடப்பது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முன்னால் என்பதால் கூட்டத்தில் ஃபெல்ட்தான் மிகுதி. ஆனால் சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ரா.

ஃபெல்ட் தொப்பியின் உள்ளே 4எக்ஸ், 10எக்ஸ், 100எக்ஸ் என்று அச்சிட்டிருக்கும். எக்ஸ் கூடினால் பீவர் போன்ற விலங்குகளின் நல்ல உரோமம் கூடுதல் என்று பொருள். ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 10எக்ஸும் இன்னொரு கம்பெனியின் 10எக்ஸும் ஒன்றல்ல. ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட மட்டும் உதவும். கையால் தடவிப் பாருங்கள், அதைவிட நேர்மையான எக்ஸ் இல்லை.

57 சென்டிமீட்டர் தலைக்கு அளவு 7⅛. போட்டதும் புருவத்துக்கு மேலே உட்கார வேண்டும், காதை மடக்கக் கூடாது. குனிந்து தலையை உலுக்கினால் விழவும் கூடாது, கழற்றியபின் நெற்றியில் சிவப்புக் கோடு விழவும் கூடாது. பக்கங்களில் இடைவெளி இருந்து நெற்றியில் மட்டும் இறுக்கினால் அளவு சரி, உங்கள் தலையின் வடிவம்தான் நீளம். கடைக்காரரிடம் சொன்னால் உள்பட்டையைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பார்.

மரியாதைகள் சில. பிறர் தொப்பியைக் கேட்காமல் தொடக் கூடாது. கழற்றி வைக்கும்போது மல்லாக்க, விளிம்பு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் அதிர்ஷ்டம் ஒழுகிவிடும் என்பார்கள். விளிம்பின் வளைவு கெட்டுவிடும் என்பது அதன் நிஜக் காரணம். தேசிய கீதத்தின்போது கழற்றிவிடுங்கள்.

வெள்ளியும் நீலக்கல்லும்

இங்கே அவசரப்பட்டால் காசு போகும். நீலக்கல் என்று இங்கே நான் சொல்வது டர்க்காய்ஸ் என்ற பச்சைநீலக் கல்லை. டர்க்காய்ஸ் என்று விற்கும் எல்லாமே டர்க்காய்ஸ் அல்ல. ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியதும், தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்ததும் அருகருகே இருக்கும். பிசின் ஏற்றி உறுதியாக்கிய இயற்கைக் கல் என்பது நடுத்தரம். அதை மறைக்காமல் சொல்லி விற்றால் அதில் ஏமாற்று இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கல் இயற்கையா, உறுதியாக்கியதா, வார்த்ததா? எந்தச் சுரங்கம்? செய்தவர் யார்? மேகமில்லாத வானம் போன்ற நீலத்துக்குப் பேர்போன அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் மூடப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி மலிவாக யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நவஹோ, சூனி ஆகிய அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைவினை என்று சொன்னால் கலைஞரின் பெயரையும் இனத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பூர்வகுடியினர் செய்ததல்லாத ஒன்றை அவர்கள் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உண்மையாக விற்பவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், பெரும்பாலும் அந்தக் கலைஞரின் கதையையும் சேர்த்துச் சொல்வார். வெள்ளியில் 925 முத்திரையை (92.5% வெள்ளி என்று பொருள்) தேடுங்கள்.

பெல்ட் வாங்குவது சுலபம், வீட்டில் எடுத்த அளவைச் சொன்னால் போதும். பக்கிளில் மட்டும் ஒரு நாசூக்கு: "சாம்பியன்" என்று பொறித்த பக்கிள் போட்டியில் ஜெயித்தவர் அணிவது. கடையில் கிடைத்தாலும் வேண்டாம். யாராவது "எந்தப் போட்டியில்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சாப்பாடு

அசைவர்களுக்குக் கவலையில்லை: புகையில் வேகவைத்த பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), இரண்டு பேர் பங்குபோட வேண்டிய வான்கோழிக் கால். சைவர்கள் பீன்ஸ் விஷயத்தில் கவனம், பன்றிக்கொழுப்போ பேக்கனோ அதில் சாதாரணம். சுட்ட சோளம், பேக்கன் போடாத அடைத்த உருளைக்கிழங்கு, ஃபனல் கேக் ஆகியவை கைகொடுக்கும். கடைசியாகச் சொன்னது, ஜாங்கிரி பிழிவது போல மாவை எண்ணெயில் சுற்றிவிட்டுப் பொரித்து மேலே சர்க்கரைத் தூள் கொட்டுவது. சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

இசை, பகலில் ஒன்று இரவில் ஒன்று

பகலில் வெளி மேடைகளில் உள்ளூர்க் குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். தனியாக டிக்கெட் இல்லை, வளாகத்துக்குள் வந்தால் கேட்கலாம். முதல் சுற்று முடிந்ததும், வாங்கும் சுற்றுக்கு முன்னால், ஒரு முழுக் கச்சேரியாவது உட்கார்ந்து கேளுங்கள். எதை உண்மையாகவே வாங்க ஆசை, எது வெறும் ஆசை என்பது அந்த முக்கால் மணியில் தானாகப் பிரிந்துவிடும். எனக்குப் பிரிந்திருக்கிறது, ஒரு மாட்டுத்தோல் விரிப்பிலிருந்து தப்பியிருக்கிறேன்.

மேடையில் மேசைபோல ஒன்றின் முன் உட்கார்ந்து, உலோகத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பவரைக் கவனியுங்கள். அது பெடல் ஸ்டீல் கிடார். பெரும்பாலும் பத்துத் தந்திகள், காலுக்குக் கீழே மிதிகள், முழங்காலுக்கு நெம்புகள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒழுகிப் போகும் அந்த ஏக்கக் குரல்தான் கண்ட்ரி இசையின் அடையாளம். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வந்தது. வீணையில் விரல் வைக்க இருக்கும் மெட்டுகள் அங்கும் இல்லை, கட்டையை வழுக்கித்தான் கமகம். பக்கத்தில் ஃபிடில் வாசிப்பவர் கையில் இருப்பது நம் கச்சேரி வயலினேதான். பிடிக்கும் விதமும் வில்லின் ஓட்டமும் வேறு.

இரவுக் கச்சேரி ரோடியோ முடிந்ததும் அதே மைதானத்தில். மண் தரையின் நடுவே நட்சத்திர வடிவ மேடை வந்து நிற்கும், அது மெல்லச் சுழல்வதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாடகரின் முகம் ஒரு தடவையாவது உங்களைப் பார்க்கும். 1942இல் பாடும் கௌபாயாகப் பேர்பெற்ற திரை நடிகர் ஜீன் ஆட்ரி பாடியதிலிருந்து நட்சத்திரங்களை அழைக்கும் வழக்கம். பக்கத்தில் பூட்டிக்கிடக்கும் ஆஸ்ட்ரோடோம் என்ற பழைய அரங்கில்தான் 1970இலும் 1974இலும் எல்விஸ் பாடினார். 1995 பிப்ரவரியில் தெஹானோ பாடகி செலீனா அறுபதாயிரம் பேருக்கு மேல் முன்னால் பாடியதும் அங்கேதான். அடுத்த மாதமே அவர் கொல்லப்பட்டார். 2019இல் புதிய அரங்கில் கண்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டைக் கேட்க வந்தவர்கள் 80,108 பேர். நடந்து போகும்போது அந்தப் பழைய குவிமாடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

குழந்தைகளோடு போனால் மட்டன் பஸ்டினைத் தவறவிடாதீர்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆட்டின் முதுகில் தொற்றிக்கொண்டு சில வினாடி தாக்குப்பிடிக்கும் போட்டி. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

கால் இன்னும் தாங்கினால், நடனக் கூடாரத்துக்குப் போங்கள். டெக்சாஸ் டூ-ஸ்டெப் என்ற ஜோடி நடனம் எளிது: வேகம், வேகம், மெதுவாக, மெதுவாக. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். வேகமாக ஆடுபவர்கள் வெளிவட்டத்தில், தடுமாறுபவர்கள் உள்ளே. நடுவில் நின்று வேடிக்கை மட்டும் பார்க்காதீர்கள், மோதிவிடுவார்கள். தோல் அடிப்பாகம் உள்ள பூட்ஸ் ஏன் வழுக்க வேண்டும் என்பது இங்கேதான் இரண்டாவது தடவையாகப் புரியும்.

வாங்கும் சுற்று

கடைகள் கச்சேரி முடியும்வரை காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆகவே ரோடியோ தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக இந்தச் சுற்றை வையுங்கள். போனில் எடுத்த படங்களைப் பாருங்கள். பத்து எடுத்திருந்தால் ஏழு இப்போது சப்பென்று இருக்கும், அவற்றை அழித்துவிடுங்கள். மீதிக் கடைகளுக்கு நேராகப் போங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் பூட்ஸ் அளவு பார்த்துப் பணம் கட்டுங்கள், வீட்டுக்கு அனுப்பி வைப்பார்களா அல்லது கச்சேரி நாளில் கடையிலேயே வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். பிறகு நகை, பெல்ட். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். தொப்பி கடைசி, ஏனென்றால் அதைத் தூக்க வேண்டியதில்லை, தலையில் வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைக் கேட்டு ரசீதின் பின்னால் எழுதச் சொல்லுங்கள். சந்தை முடிந்தால் சில கடைகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். பூட்ஸை முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் மட்டும் போட்டு நடங்கள். அடிப்பாகத்தில் தெருக்கீறல் விழுந்தால் மாற்றித் தர மாட்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் ரயில் நிறுத்தத்தில் பெருங்கூட்டம் இருக்கும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடுங்கள், அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். நடுவில் கிளம்புவதில் பயனில்லை. நான் இரண்டாவது ரகம். போன வருடம் அப்படி உட்கார்ந்து வந்த ரயிலில் எதிரே ஒரு பெரியவர், மடியில் தொப்பியை மல்லாக்க வைத்துக்கொண்டு, அதற்குள் பாதி ஃபனல் கேக்கைப் பொட்டலமாகப் பத்திரப்படுத்தியிருந்தார். என் கையிலும் புதுத் தொப்பி, கவிழ்த்துப் பிடித்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். திருப்பிக்கொண்டேன்.